கட்டற்ற மென்பொருளும் கலப்பற்ற பேச்சும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சிற்சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

 

எனக்கு முன் பேசிய புலவர் பெருமகனார் சிலம்பின் சுவையை நமக்கெல்லாம் அள்ளி வழங்கினார். எனக்குப் பின் நம் சிறுமியரின் கோலாட்டம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, பாயசத்துக்கும் வடைக்கும் இடையே கஷாயத்தைப் பரிமாறுவதுபோல, கணினியைப் பற்றிப் பேச என்னை நிறுத்தியிருக்கிறார் நம் செயலாளர். நான் புலவன் அல்லேன், பொறியாளனும் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பணியில் இருக்கும்போதே தந்தையார் காலமானதால் இருபதாம் வயதில் ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, பார்சல் அலுவலகத்திலும் சரக்கு அலுவலகத்திலுமாக இருபத்து நான்கு ஆண்டுகளைக் கழித்தவன். என் சொல்லில் பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

எனினும் பேச ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் நான் உங்கள் முன் மூன்று செய்திகளை அடித்துச் சொன்னேன். மூன்றும் முழு உண்மையல்ல. அந்தக் கணக்கை நேர் செய்யவே இன்று இம்மேடையில் நிற்கிறேன்.

நடந்ததைப் புதிதாகக் குடிவந்தவர்கள் அறியமாட்டார்கள். ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும் கூடத்தில் ஆறு பழைய கணினிகள் இருக்கின்றன. ஓர் அலுவலகம் கழித்துக் கட்டியவற்றை ஏலத்தில் எடுத்தோம். அவற்றில் ஓடிய விண்டோஸ் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைத்தெருவில் ஓர் இளைஞர் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஏற்றிக் கொடுத்தார், அவ்வளவே. அது திருட்டுப்படி. நம்மிடையே வாடகை பாக்கி வைக்காதவர்களும் பயணச்சீட்டின்றி வண்டியேறாதவர்களும்தாம் இருக்கிறோம். ஆயினும் அந்த நூறு ரூபாய் நம் யாரையும் உறுத்தவில்லை. நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. 1994ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், திருட்டுப்படி என்று அறிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம். பிள்ளைகளுக்கு அறநூல் பயிற்றும் அறையில் இது வேண்டாம் என்று நான் சொன்னேன். அதற்கு மாற்றாகக் கட்டற்ற மென்பொருளை முன்மொழிந்தேன்.

கட்டற்ற மென்பொருள் என்பது யாது? ஒரு தையல் இயந்திரத்தை வாங்குகிறோம். அதன் அடிப்பலகையைத் திறந்து பார்க்கலாம். வார் அறுந்தால் தெரிந்தவரைக் கொண்டு மாற்றலாம். அடுத்த வீட்டு அம்மாவுக்கு நான்கு நாள் கொடுக்கலாம். விற்ற கடைக்காரர், "இதைத் திறக்கக் கூடாது, வேறொருவர் கை படக் கூடாது, பழுதானால் எங்கள் ஆளையே அழைக்க வேண்டும்" என்று எழுதி வாங்கினால் நாம் சினங்கொள்வோம். ஆனால் கணினியை இயக்கும் மென்பொருளில் பெரும்பாலானவற்றுக்கு இப்படித்தான் எழுதிக் கொடுக்கிறோம். படித்துப் பாராமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்னும் பொத்தானை அழுத்திவிடுகிறோம். அவ்வாறு கட்டாமல், எதற்கும் பயன்படுத்த, உட்புறத்தைப் படித்து மாற்ற, படியெடுத்துப் பிறர்க்கு வழங்க, மாற்றியதையும் வழங்க என நான்கு உரிமைகளோடு தரப்படுவதே கட்டற்ற மென்பொருள்.

இவ்வியக்கத்தைத் தொடங்கியவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர். தொடக்கம் ஓர் அச்சுப்பொறியில். ஆய்வகத்தின் பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், காத்திருப்பவருக்கு உடனே செய்தி போகும்படி அதன் நிரலை அவர் மாற்றி வைத்திருந்தார். 1980ஆம் ஆண்டையொட்டி ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய அச்சுப்பொறி வந்தது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் அதன் மூலநிரல் தரப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரிடம் நேரிற் சென்று கேட்டார். அவரோ, யாருக்கும் தருவதில்லை என்று நிறுவனத்துக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். ஸ்டால்மன் அதை மறக்கவில்லை. 1983ஆம் ஆண்டு செப்டம்பரில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்ததே இன்று நம் கூடத்திலுள்ள ஐந்து கணினிகளில் ஓடுவது.

அச்சுப்பொறிக் கதையை நினைவில் வைத்திருங்கள். நானும் ஓர் அச்சுப்பொறியிடம் தோற்றவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பொதுக்குழுவில் நான் சொன்ன மூன்று செய்திகள் இவை. ஒன்று, செலவே இல்லை. இரண்டு, இதில் நச்சுநிரல் நுழையவே நுழையாது. மூன்று, இப்போது செய்வதையெல்லாம் அப்படியே செய்யலாம். கைதட்டினீர்கள். தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த வாரமே கைபேசிகளில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கியது. இலவச மென்பொருளில் மூலநிரல் வெட்டவெளியில் கிடப்பதால் திருடர்கள் எளிதில் நுழைவர். பிள்ளைகளின் விவரங்கள் களவு போகும். இதைத் தொட்டால் நாம் எழுதியவையெல்லாம் ஊருக்குப் பொதுவாகிவிடும். இது பத்து மடங்கு செலவுடையது என ஆராய்ச்சியில் நிறுவப்பட்டுள்ளது. ஜெர்மனியே இதைக் கைவிட்டது. இப்படியெல்லாம் எழுதியிருந்தது. எழுதியவர் யார் என்று நான் அறியேன். அறிய விரும்பவும் இல்லை. எனக்கு வந்த சினத்தில் அன்றிரவே ஒரு மறுமொழி எழுதினேன். அதில் அவர் சொன்ன பொய்களுக்குச் சற்றும் குறையாத பொய்கள் இருந்தன. 'உலகமே விண்டோஸை விட்டுவிட்டது' என்று ஒரு வரி. எந்த உலகம்? நான் காலையில் சென்று அமரும் அலுவலகத்தின் மேசைமேல் இருப்பதே விண்டோஸ்தான்!

அதற்கு அடுத்த ஞாயிறு, தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியை அம்மையார் என்னை நிறுத்தினார். அவர் அதிகம் பேசுபவர் அல்லர். "தம்பி, அவர்கள் சொல்வதில் எது பொய் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்னதில் எது பொய் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டபின் மற்றதை நான் நம்புகிறேன்" என்றார். நான் விடையின்றி நின்றேன். அன்றிரவு என் மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். நான்கு திங்கள் படித்தேன். படித்ததில் எனக்கு விளங்கியதையே இங்குச் சொல்கிறேன்.

முதலில் பத்து மடங்குச் செலவு. இதற்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 2004ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் பிரிட்டனில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. லினக்ஸுக்கு ஆகும் செலவு விண்டோஸுக்கு ஆவதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் என்று அதில் கண்டது. அங்கே விளம்பரத் தர ஆணையம் என்றொன்று உண்டு. அதற்கு முறையீடு சென்றது. ஆணையம் ஆராய்ந்தபோது உண்மை வெளிவந்தது. லினக்ஸை ஐ.பி.எம். நிறுவனத்தின் மாபெரும் கணினி ஒன்றில் ஓட்டிக் கணக்கிட்டிருந்தார்கள். விண்டோஸைச் சாதாரண இன்டெல் பொறியில் ஓட்டிக் கணக்கிட்டிருந்தார்கள். அதே சாதாரணப் பொறியில் லினக்ஸும் ஓடும். நம் தொழிலில் இதை விளக்க ஒரு நொடி போதும். மெயில் வண்டியின் குளிர்சாதன முதல் வகுப்புக் கட்டணத்தையும், பாசஞ்சர் வண்டியின் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தையும் ஒப்பிட்டு, மெயில் வண்டி ஓடும் தண்டவாளமே விலை உயர்ந்தது என்று ஒருவர் சொன்னால் எப்படியிருக்கும்? விளம்பரம் மக்களைத் தவறாக எண்ணச் செய்கிறது என்று ஆணையம் முடிவு கூறியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பத்து மடங்கு செத்தபாடில்லை; நம் காலனி வரை நடந்தே வந்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குப் பெருமகிழ்ச்சி. எதிரியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நினைத்தேன். பிறகு நம் சங்கக் கணக்கேட்டைப் பார்த்தேன். 'செலவே இல்லை' என்று நான் சொன்னேன் அல்லவா? பழைய பொறிகளுக்கு நினைவகம் கூட்டியதற்கும் பழுதான வன்தட்டுகளை மாற்றியதற்கும் பதினோராயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆகியிருக்கிறது. நான் விடுப்பெடுத்து வந்து உட்கார்ந்த நாள்கள் அதில் சேரவில்லை. உரிமக் கட்டணம் இல்லை என்பது மெய். செலவே இல்லை என்பது பொய். பொருளாளர் அன்று என் பேச்சைக் கேட்டுத் தொகை ஒதுக்காமல் விட்டார். பின்னர்ப் பொங்கல் விழாக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அவர் என்மேல் வருத்தம் கொண்டதில் நியாயம் உண்டு.

இவ்விடத்தில் ஒரு சொல் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் ஒரே சொல் விலையின்மையையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். அதனால் அந்நாட்டாருக்குத் தீராத் தொல்லை. தமிழில் அத்தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று இரண்டு சொற்கள் நமக்கு உண்டு. இருந்தும் 'இலவச மென்பொருள்' என்று சொல்லி நாமே குழப்பத்தை விலைக்கு வாங்குகிறோம். இலவசம் என்றவுடன் கேட்பவர் மனத்தில் தோன்றுவது மட்டமான பொருள், இல்லையேல் தேர்தல். ஸ்டால்மன் தாம் எழுதிய ஈமேக்ஸ் என்னும் நிரலை 1985இல் ஒலிநாடா போன்ற காந்தநாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றே வயிறு வளர்த்தார். லினக்ஸைச் சார்ந்து வணிகம் செய்த ரெட் ஹாட் நிறுவனத்தை ஐ.பி.எம். 2019ஆம் ஆண்டு 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. இலவசச் சரக்கை எவரும் அவ்விலைக்கு வாங்குவரோ?

அடுத்தது, தொட்டால் நம்முடையதெல்லாம் பொதுவாகிவிடும் என்பது. 2001ஆம் ஆண்டு மைக்ரோசாப்டின் அன்றைய தலைமைச் செயல் அலுவலர் ஸ்டீவ் பால்மர் ஒரு செய்தித்தாளுக்கு அளித்த பேட்டியில் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டார். தொட்ட இடமெல்லாம் பற்றும் என்பது அவர் கருத்து. இதில் ஓர் இழை உண்மை உண்டு. குனு பொது உரிமத்தில் வந்த நிரலை எடுத்து, மாற்றி, மற்றவர்க்கு வழங்குகிறவர், தம் மாற்றத்தின் மூலநிரலையும் அதே உரிமத்தில் வழங்க வேண்டும். நிரல் விற்கும் நிறுவனங்களுக்கு இது இடையூறுதான். ஆனால் அந்நிரலைக் கொண்டு நாம் எழுதும் கடிதம் நம்முடையதே. நம் சங்க உறுப்பினர் பட்டியலோ பிள்ளைகளின் கட்டுரையோ ஊர்ப் பொதுவாகாது. மைக்ரோசாப்ட் பின்னாளில் 2016இல் லினக்ஸ் அறக்கட்டளையில் உறுப்பாயிற்று. அதன் தலைவர் பிராட் ஸ்மித் 2020இல், இவ்விஷயத்தில் தாங்கள் வரலாற்றின் தவறான பக்கத்தில் நின்றதாக ஒப்புக்கொண்டார். இதைக் கொண்டு நாம் வெற்றி முரசு கொட்ட வேண்டியதில்லை. அது தன் வணிகத்தைப் பார்த்துக்கொண்டது.

இனிப் பாதுகாப்பு. இதில்தான் நம் பக்கத்தார் மிகுதியாக அளக்கிறார்கள், நானும் அளந்தேன். மூலநிரல் வெளிப்படையாக இருப்பதால் ஆயிரம் கண்கள் பார்க்கும், ஆகவே பிழை ஒளியாது என்பது நாங்கள் வழக்கமாகச் சொல்வது. கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்றொரு கட்டற்ற நிரல் உண்டு. இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கையில் நம் கடவுச்சொல்லைப் பிறர் அறியாவண்ணம் மறைத்து அனுப்பும் வேலையை உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் அது செய்துவந்தது. 2012ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான அதன் பதிப்பில் ஒரு பிழை இருந்தது. கணினியின் நினைவிலிருப்பதை அயலார் உறிஞ்சிக்கொள்ள வழிவிடும் பிழை. 2014 ஏப்ரலில்தான் அது வெளிப்பட்டது. ஈராண்டு! ஆயிரம் கண்கள் எங்கே போயின? உலகமே நம்பியிருந்த அந்நிரலைக் காத்துவந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். நன்கொடையாக அவர்களுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 டாலர். பூட்டு திறந்திருந்தால் எல்லோரும் பார்க்கலாம் என்பது உண்மை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது வேறு. நம் கொட்டகையின் தீயணைப்பு வாளியை எல்லோரும் பார்க்கலாம். அதில் மணல் இருக்கிறதா என்று பார்த்தவர் யார்?

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடந்தது இதனினும் விந்தையானது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. அதைக் காத்துவந்தவர் ஊதியமின்றி உழைத்த ஒருவர், களைத்துப்போயிருந்தார். அவருக்கு உதவுவதாக ஒருவர் வந்தார்; இரண்டாண்டுக்கு மேலாக நல்ல வேலை செய்து நம்பிக்கையைப் பெற்றார்; சாவி கைக்கு வந்ததும் அயலார் நுழையத்தக்க ஒரு கள்ளக்கதவை உள்ளே வைத்தார். அவர் யார், எவருக்காகச் செய்தார் என்பது வெளிப்படவில்லை. அவர் சொன்ன பெயரும் மெய்ப்பெயர் என்பதற்கில்லை. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிரொயண்ட் என்னும் நிரலாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைகையில் வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஐயுற்று, நூல் பிடித்துச் சென்று கதவைக் கண்டார். அரை நொடி! நம் நிலையங்களில் அரை மணியையே யாரும் எண்ணுவதில்லை.

எதிர்ப்பவர்கள் இதைக் காட்டி, "பார்த்தீர்களா, கட்டற்றது ஆபத்து" என்றனர். நம்மவர்கள் இதே நிகழ்ச்சியைக் காட்டி, "பார்த்தீர்களா, வெளிப்படையாக இருந்ததால் பிடிபட்டது" என்றனர். இருவர் சொல்வதிலும் பாதி உண்டு. மூலநிரல் கையில் இருந்ததால்தான் அவரால் இறுதிவரை தேடிச் செல்ல முடிந்தது. ஆனால் அவர் ஐயுறாதிருந்தால் அந்தக் கதவு உலகெங்கும் பரவியிருக்கும். இன்னொன்றையும் மறைக்க மாட்டேன்: கண்டுபிடித்த அந்நிரலாளர் ஊதியம் பெற்றது மைக்ரோசாப்ட் நிறுவனத்திடம். இதை நம் கட்சிக் கூட்டங்களில் சொல்லக் கேட்டதில்லை.

ஆகவே 'நச்சுநிரல் நுழையவே நுழையாது' என்ற என் இரண்டாம் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். நம் கூடத்திலுள்ள கணினிகளுக்கு நச்சுநிரல் தொல்லை முன்பு வாரந்தோறும் இருந்தது. மாற்றியபின் இதுவரை ஒருமுறையும் வரவில்லை. என்னால் சொல்லக்கூடியது அவ்வளவே. பிழை திருத்தங்களை வாரந்தோறும் ஏற்றாவிட்டால் வரக்கூடும்.

ஜெர்மனி பற்றிய குற்றச்சாட்டு மீதமிருக்கிறது. ஜெர்மனி நாடு கைவிடவில்லை, மியூனிக் மாநகராட்சி. 2003ஆம் ஆண்டு அம்மாநகராட்சி லினக்ஸுக்கு மாறுவதென முடிவு செய்தது. 2013க்குள் ஏறக்குறைய 15,000 கணினிகள் மாற்றப்பட்டன. 2017இல் மன்றம் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்புவதெனத் தீர்மானித்தது. 2020இல் ஆட்சிக்கு வந்த கூட்டணி, இயன்ற இடத்தில் கட்டற்ற மென்பொருளுக்கே முதலிடம் என்று உடன்பாடு செய்துகொண்டது. எதிர்ப்பவர்கள் 2017ஐ மட்டும் சொல்வார்கள். நம்மவர்கள் 2013ஐயும் 2020ஐயும் மட்டும் சொல்வார்கள். நடுவே அவ்வலுவலகங்களில் உட்கார்ந்திருந்த எழுத்தர்களைப் பற்றி எவர் பேசினார்? வெளியிலிருந்து வந்த ஆவணங்கள் திறக்கையில் உருக்குலைந்தன என்று அவர்கள் முறையிட்டனர். எழுத்தன் என்ற முறையில் அந்த முறையீடு என் காதில் தெளிவாக விழுகிறது. அட்டவணையின் ஒரு கோடு நகர்ந்தால் மேலதிகாரியிடம் திட்டு வாங்குபவன் மாநகரத் தலைவன் அல்லன்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் அண்டை மாநிலத்தார் பலர் இக்காலனியிலேயே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். கேரளத்து அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணினிப் பாடத்தைக் கட்டற்ற மென்பொருளிலேயே படித்துத் தேர்வும் எழுதுகிறார்கள். இதை நான் சென்ற ஆண்டு பெருமையோடு எடுத்துக்காட்டினேன். சொல்லாமல் விட்டது ஒன்று: அங்கே அரசு ஆசிரியர்களுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தது, பழுது பார்க்க ஆள் வைத்தது, பாடநூலையே அதற்கேற்ப எழுதியது. நம் கூடத்துக்கு வாய்த்ததோ இரவுப் பணி முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வரும் நான் ஒருவன்.

இனி அச்சுப்பொறி. 'இப்போது செய்வதையெல்லாம் அப்படியே செய்யலாம்' என்பது என் மூன்றாம் சொல். சென்ற ஆண்டு விழாவுக்கு முந்தைய மாலை, பிள்ளைகளின் நாடக உரையாடலை நாற்பது படிகள் எடுக்க வேண்டியிருந்தது. சங்கத்தின் அச்சுப்பொறி புதிய இயக்குதளத்தோடு பேச மறுத்தது. அதன் நிறுவனத்தார் லினக்ஸுக்கு உரிய இயக்கியை வெளியிடவில்லை. மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தவன் இரவு பதினொரு மணிக்கு எழுந்தேன். கடைகள் மூடிவிட்டன. பெரிய பெண்கள் நான்கு பேர் விடிய விடியக் கையால் எழுதினார்கள். ஒரு குழந்தைக்குப் படி கிடைக்காமல் மேடையில் திகைத்து நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். அக்குழந்தையின் தாயார் இன்று முன் வரிசையில் இருக்கிறார். அம்மா, தவறு குழந்தையுடையதன்று. வாங்குமுன் பார்த்திருந்தால் லினக்ஸோடு இயங்கும் அச்சுப்பொறி அதே விலையில் கிடைத்திருக்கும். மாற்றுமுன் ஒருமுறை அச்சிட்டுப் பார்த்திருந்தால் விழாவுக்கு முன் தெரிந்திருக்கும். எல்லாம் ஓடும் என்று மேடையில் சொல்லிவிட்டதால் ஓடுமா என்று பார்க்க எனக்கே வெட்கமாயிருந்தது. அன்று என்னைத் தோற்கடித்தது கைபேசியில் வந்த அந்தச் செய்தி அன்று.

நம்மவர் சொல்லும் மற்றொரு மிகையையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் பத்துக்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. நம் கூடத்துப் பழைய பொறிகளில் விண்டோஸ் பதினொன்று ஏறாது. அதற்கு வேண்டிய பாதுகாப்புச் சில்லு அவற்றில் இல்லை. 'அந்நாள் முதல் உங்கள் கணினி நின்றுவிடும், இன்றே லினக்ஸுக்கு மாறுங்கள்' என்று எனக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அதை உங்களுக்கு அனுப்பச் சொன்னார்கள். நான் அனுப்பவில்லை. கணினி நிற்காது, பாதுகாப்புத் திருத்தங்களே நிற்கும். வீட்டுப் பயனாளர்க்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பும் அறிவிக்கப்பட்டது. அச்சமூட்டி அழைத்து வந்தவர், அச்சம் தெளிந்ததும் நம்மையும் சேர்த்தே வெறுப்பார்.

தமிழைக் காட்டியும் நாம் மிகைப்படுத்துகிறோம். 2003ஆம் ஆண்டின் நம் விழா மலர் ஒரு குறுந்தகட்டில் இருக்கிறது. திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கிடக்கிறது. காலமாகிவிட்ட நம் முன்னாள் தலைவரின் கட்டுரை அதில்தான் உள்ளது. தாளில் ஒரு படியும் எஞ்சவில்லை. 'மூடிய மென்பொருளின் கொடுமை பாரீர்' என்று இதைச் சொல்ல என் நாக்கு துடித்தது. உண்மை அதுவன்று. அந்நாளில் எழுத்துரு விற்ற ஒவ்வொருவரும் தமிழுக்குத் தமக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தனர். யூனிகோடு என்னும் பொதுமுறை பரவியபின் அக்குறை நீங்கியது. அம்முறையில் தமிழை விண்டோஸும் 2000ஆம் ஆண்டிலேயே ஏற்றது. கட்டற்ற மென்பொருளுக்கு இதில் உள்ள பெருமை வேறு. லிபர் ஆபிஸ் போன்ற செயலிகளின் பட்டியல்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கியிருக்கிறார்கள். எவரிடமும் இசைவு கேட்கத் தேவையில்லாததால் அது அவர்களுக்கு இயன்றது. மொழிபெயர்ப்புச் சில இடங்களில் கடுமையாக இருக்கிறது. ஆனால் திருத்தும் உரிமை நமக்கும் உண்டு. நம் ஆசிரியை அம்மையார் இதுவரை ஒன்பது சொற்களுக்கு மாற்றுச் சொல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பழைய கட்டுரையோ என் மகளின் முயற்சியால் முக்கால் பங்கு மீண்டிருக்கிறது. மீதிக்கு எழுத்துரு கிடைக்கவில்லை.

ஒரு தந்தையார் என்னிடம் கேட்டார்: "என் பெண்ணின் பள்ளியில் செய்முறைத் தேர்வு விண்டோஸில் நடக்கிறது. நாளை வேலைக்குப் போகும் இடத்திலும் அதுவே. நீங்கள் உங்கள் கொள்கைக்காக என் பெண்ணை ஏன் பின்தங்க வைக்க வேண்டும்?" இதுவரை நான் கேட்ட கேள்விகளுள் நேர்மையானது இது. பொத்தான் வேறு இடத்தில் இருந்தாலும் வேலை ஒன்றே என்று மழுப்பப் பார்த்தேன். அவர் பெண்ணைக் கேட்டேன். தேர்வறையில் நேரம் போய்விடும் என்றாள். அவள் சொல்வது சரி. அதனால்தான் ஆறாவது கணினியைத் தனியே வைத்திருக்கிறோம். அது மட்டும் புதியது. பணம் கொடுத்து, ரசீது பெற்று, உரிமத்தோடு வாங்கிய விண்டோஸ் அதில் இருக்கிறது. இதைக் கண்டு எங்கள் இயக்க நண்பர் ஒருவர் என்னைக் கோழை என்றார். இருக்கட்டும்.

இத்தனை குறைகளைச் சொன்னபின், ஏன் இன்னும் இதையே வேண்டுகிறாய் என்று கேட்பீர்கள். ஐந்து பொறிகளில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று எவர் கேட்டாலும் தலைநிமிர்ந்து சொல்லலாம். படித்து முடித்த பிள்ளை அதைப் படியெடுத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அது திருட்டு ஆகாது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுவன், வகுப்பில் விளையாடும் எழுத்து விளையாட்டின் நிரலைத் திறந்து, அதில் ஆங்கில விலங்குகளின் பெயரை எடுத்துவிட்டு யானை, மயில், உடும்பு என்று தமிழில் இட்டிருக்கிறான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. திறக்க முடிந்தது, திறந்தான். எனக்கு அது போதுமாயிருக்கிறது. உங்களுக்குப் போதுமா என்பதை அடுத்த திங்கள் கூடும் பொதுக்குழுவில் நீங்கள்தாம் முடிவு செய்ய வேண்டும்.

அதற்குள் ஞாயிறு காலையில் ஒருமுறை கூடத்துக்கு வாருங்கள். கதவோரத்தில் ஒரு நீண்ட குறிப்பேடு நூலில் கட்டித் தொங்குகிறது. நம் பார்சல் அலுவலகப் புத்தகம் போன்றது. இடப்பக்கம் குறை, வலப்பக்கம் தீர்ந்த நாள். பிள்ளைகளும் எழுதலாம், பெற்றோரும் எழுதலாம், கைபேசியில் அந்தச் செய்தியை எழுதியவரும் எழுதலாம். நேற்று வரை முப்பத்தெட்டுக் குறைகள் ஏறியுள்ளன. இருபத்தாறுக்கு எதிரே நாள் குறித்திருக்கிறேன். அச்சுப்பொறிக்கு எதிரே இன்னும் குறிக்கவில்லை. இன்று உங்கள் கையிலுள்ள நிகழ்ச்சி நிரலும் ஆறாவது கணினியிலிருந்து எடுத்ததுதான்.

கோலாட்டச் சிறுமியர் திரைக்குப் பின்னால் கோலைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.